60 நானோ விநாடி: நம்பாமலும் தள்ளாமலும் ஒரு கூற்றைச் சோதித்த வரலாறு

2011 செப்டம்பர் 23 அன்று, ஜெனீவாவை ஒட்டிய செர்ன் ஆய்வகத்தின் அரங்கில் டாரியோ ஔட்டியெரோ என்ற இயற்பியலாளர் ஓர் அளவீட்டை முன்வைத்தார். செர்னில் இருந்து புறப்படும் நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள், சுமார் 730 கி.மீ. தள்ளி இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கு அடியில் இருக்கும் ஆய்வுக்கூடத்தை, ஒளி எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிட 60.7 நானோ விநாடி முன்னதாகவே எட்டிவிடுகின்றன என்றது அந்த அளவீடு. விநாடியை 100 கோடி கூறாக்கினால் அதில் ஒன்றுதான் ஒரு நானோ விநாடி. அப்படிப்பட்ட 60 கூறுகளில் ஒளி 18 மீட்டர்தான் நகரும். ஆனால் அந்த 18 மீட்டர் மெய்யாக இருந்தால், 1905 முதல் இயற்பியல் நின்றுகொண்டிருக்கும் தரையே ஆட்டம் காணும். ஒளியை முந்த எதனாலும் முடியாது என்பதன் மேல்தான் ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாடும், அதிலிருந்து கிளைத்த அத்தனையும் கட்டப்பட்டிருக்கின்றன.

எட்டு மாதம் கழித்து அந்த முடிவு தவறு என்று உறுதியானது. கதை இவ்வளவுதான் என்றால் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. புதிய கருத்துக்கு மனத்தைத் திறந்து வைக்க வேண்டும் என்கிறோம், ஏமாந்துவிடவும் கூடாது என்கிறோம். இரண்டையும் ஒருசேரச் செய்யும்போது மனிதர்கள் உண்மையில் என்னென்ன செய்தார்கள், எங்கே சறுக்கினார்கள் என்பது தேதியோடும் எண்ணோடும் பதிவாகியிருப்பது அபூர்வம். ஓபரா என்ற இந்தச் சோதனைக் குழுவின் விவகாரம் அப்படிப் பதிவான ஒன்று. எனக்கு இதில் முடிவைவிட, ஒவ்வொருவரும் அந்த முடிவை எப்படி எதிர்கொண்டார்கள் என்பதே முக்கியம்.

அளந்த விதம்

ஓபரா கருவி வேகத்தை அளக்கக் கட்டப்பட்டது அல்ல. ஒருவகை நியூட்ரினோ பயணத்தின் நடுவே இன்னொரு வகையாக மாறுவதைப் பிடிப்பதுதான் அதன் வேலை. வேகம் உபரியாகக் கிடைத்த ஒன்று. 2009 முதல் 2011 வரை சேர்ந்த 16,111 நியூட்ரினோ பதிவுகளை வைத்து அதைக் கணக்கிட்டார்கள்.

வேகம் என்பது தொலைவும் நேரமும். தொலைவு 731 கி.மீ. சொச்சம், அதில் பிழை 20 செ.மீ.க்குள் என்றார்கள். மிகைப்படுத்தல் என்று தோன்றலாம். ஆனால் 2009 ஏப்ரலில் அந்தப் பகுதியை உலுக்கிய லாக்விலா நிலநடுக்கத்தில் ஆய்வுக்கூடம் 7 செ.மீ. நகர்ந்ததுகூட அவர்களுடைய நில அளவைத் தரவில் தெரிந்தது. நேரத்துக்கு இரு முனையிலும் சீசியம் கடிகாரமும் ஜிபிஎஸ் ஏற்பியும் வைத்து, சுவிஸ், ஜெர்மன் அளவியல் நிறுவனங்களைக் கொண்டு சரிபார்த்தார்கள்.

கணக்கிட்ட முறையிலும் அக்கறை இருந்தது. மனிதன் தான் பார்க்க விரும்பும் எண்ணை நோக்கித் தன்னை அறியாமலே கணக்கைத் தள்ளிவிடுவான். அதனால் சில திருத்த மதிப்புகளை வேண்டுமென்றே பழைய, முழுமையற்ற நிலையில் விட்டுவிட்டு முதலில் பகுப்பாய்வை முடித்தார்கள். அப்போது வந்த எண் 1048.5 நானோ விநாடி. அது எதையும் சொல்லாத எண். அதைப் பார்த்து யாரும் மகிழவோ வருந்தவோ முடியாது. பகுப்பாய்வை மூடி முத்திரையிட்ட பிறகு சரியான திருத்தங்களின் கூட்டுத்தொகையான 987.8ஐக் கழித்தார்கள். மிஞ்சியது 60.7.

புள்ளியியல் பிழை 6.9, கருவி மற்றும் முறை சார்ந்த பிழை 7.4. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இது தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு ஏறக்குறைய இல்லை. ஒரு விளைவு அதன் பிழையைப் போல எத்தனை மடங்கு என்பதைச் சிக்மா என்ற அளவால் சொல்வார்கள். துகள் இயற்பியலில் கண்டுபிடிப்பு என்று அறிவிக்க ஐந்து சிக்மா வேண்டும். இவர்கள் கையில் ஆறு இருந்தது. ஆனால் சிக்மா சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. ஒரு கருவி ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பொய் சொன்னால், அந்தப் பொய்யின் உறுதியையும் சிக்மா அதே அக்கறையோடு கூட்டித்தான் காட்டும்.

வெளியே சொன்னது சரியா?

குழு மாதக்கணக்கில் தனக்குள் பிழை தேடியது, கிடைக்கவில்லை. அப்போது முன்னால் இருந்த வழிகள் மூன்று: பெட்டியில் போட்டுப் பூட்டுவது, புரட்சி என்று அறிவிப்பது, அல்லது எண்ணை அப்படியே வைத்து மற்றவர்களைச் சோதிக்கச் சொல்வது. அவர்கள் மூன்றாவதைத் தேர்ந்தார்கள். கட்டுரையின் முடிவில் கோட்பாட்டு விளக்கம் எதற்கும் போக மாட்டோம் என்று தெளிவாகவே எழுதினார்கள். ஐன்ஸ்டைன் தவறு என்று அவர்கள் ஓரிடத்திலும் சொல்லவில்லை. அதைச் சொன்னவை செய்தித் தலைப்புகள்.

குழுவில் இருந்த சிலர் அந்தக் கட்டுரையில் கையெழுத்திடவில்லை. இன்னும் சரிபார்க்க வேண்டியது இருக்கிறது, இது அவசரம் என்பது அவர்கள் நிலை. இப்போது திரும்பிப் பார்க்கையில் அவர்கள் பக்கமே நியாயம் இருந்ததாகத் தோன்றும். என் கருத்து சற்று வேறு. வெளியே சொன்னதில் தவறில்லை. சொல்வதற்கு முன் எதையெல்லாம் கையால் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்பதில்தான் குறை இருந்தது. அதற்குக் கீழே வருகிறேன்.

மறுத்தவர்கள் எல்லோரும் ஒரே ரகமா?

மறுநாளே உலகம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் கூடுதல் பரிமாணங்கள் வழியே குறுக்குப் பாதை என்பது போன்ற விளக்கங்களோடு நூற்றுக்கும் மேற்பட்ட கோட்பாட்டுக் கட்டுரைகள் சில மாதங்களில் குவிந்தன. எண் நிற்குமா என்று தெரியும் முன்னரே அது ஏன் நிற்கிறது என்று விளக்கப் போட்டி. மறுபக்கம், சாத்தியமே இல்லை என்ற ஒற்றை வரி.

இந்த மறுப்பாளர்கள் அத்தனை பேரும் கடைசியில் சரியாகிவிட்டார்கள். ஆனால் முடிவு சரியாகிவிட்டதாலேயே வந்த வழியும் சரியாகிவிடாது. அவர்களை அவர்கள் கொடுத்த காரணத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

முதல் வகை, சார்பியல் ஒரு நூற்றாண்டாக நிற்கிறது, அதனால் இது பொய் என்றது. இதில் நியாயம் இருக்கிறது. எண்ணற்ற சோதனைகளைத் தாண்டி வந்த கோட்பாட்டை ஒற்றை அளவீட்டுக்காகக் கைவிடுவது அறிவாகாது. பந்தயம் கட்டச் சொன்னால் நானும் ஐன்ஸ்டைன் பக்கமே கட்டியிருப்பேன். ஆனால் பந்தயத்தில் ஜெயித்ததால் அந்த 60 நானோ விநாடி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடாது.

இரண்டாம் வகை ஒரு பழைய சாட்சியைக் கூப்பிட்டது. 1987 பிப்ரவரியில், சுமார் 1,68,000 ஒளியாண்டு தொலைவில் வெடித்த ஒரு விண்மீனின் ஒளி பூமியை வந்தடைந்தது. அதற்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் முன்பு ஜப்பான், அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் ஆகிய நாடுகளில் இருந்த கருவிகள் இருபத்துச் சொச்சம் நியூட்ரினோக்களைப் பிடித்திருந்தன. விண்மீனின் கரு நொறுங்கியதுமே நியூட்ரினோக்கள் தப்பிவிடும், ஒளியோ வெடிப்பின் அதிர்ச்சி அலை மேற்பரப்பை எட்டும்வரை காத்திருக்க வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு அதுவே காரணம். ஓபரா சொன்ன வேகத்தில் அவை வந்திருந்தால் நான்கு ஆண்டுக்கும் மேல் முன்னதாக வந்திருக்க வேண்டும்.

அழகான வாதம். பலர் இதோடு வழக்கை முடித்தார்கள். ஆனால் விண்மீன் வெடிப்பு நியூட்ரினோக்களின் ஆற்றல் ஓபராவுடையதில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. ஆற்றல் கூடினால்தான் வேகம் மீறும் என்று ஒருவர் வாதிட்டால் இந்தச் சாட்சி அங்கே வலுவிழந்துவிடும். நமக்குப் பிடித்த முடிவை நோக்கிப் போகும் வாதத்தையும் இவ்வளவு கறாராகத் தட்டிப் பார்க்கிறோமா என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் இல்லை. பிடிக்காத கூற்றுக்கு ஒரு தராசு, பிடித்த கூற்றுக்கு இன்னொன்று என்று வைத்துக்கொண்டு அதற்கு விவேகம் என்று பெயர் சூட்டிக்கொள்கிறோம்.

அதேபோல மறுதிசையில் ஒன்று. 2007இல் அமெரிக்காவின் மைனோஸ் சோதனையும் இதே போன்ற தொலைவில் நியூட்ரினோக்கள் சற்று முந்தி வருவதாக ஓர் எண்ணைக் கண்டிருந்தது. அதன் பிழை வரம்பு பெரியது, அதனால் அந்தக் குழு எந்த உரிமையும் கோரவில்லை. 2011இல் சிலர் அதைத் தூக்கிவந்து ஓபராவுக்குத் துணை நிறுத்தினார்கள். சொந்தமாக நிற்க முடியாத சான்றை இன்னொன்றின் தோளில் ஏற்றுவது சான்றைக் கூட்டுவதாகாது.

மூன்றாம் வகையைத்தான் நான் மதிக்கிறேன். ஆண்ட்ரூ கோஹன், ஷெல்டன் கிளாஷோ என்ற இரு கோட்பாட்டு இயற்பியலாளர்கள் ஒரு கேள்வியிலிருந்து தொடங்கினார்கள். சரி, நியூட்ரினோ ஒளியை முந்துகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் வேறு என்ன நடந்தாக வேண்டும்? கணக்குப் போட்டார்கள். ஒளியை மீறும் நியூட்ரினோ வழியெல்லாம் எலக்ட்ரான்-பாசிட்ரான் இணைகளை உதிர்த்து ஆற்றலை இழந்துகொண்டே வரும். கிரான் சாஸோவை எட்டும்போது உயர் ஆற்றல் நியூட்ரினோக்களே மிஞ்சியிருக்கக் கூடாது. அதே மலைக்கடியில், அதே கற்றையைப் பார்த்துக்கொண்டிருந்த இக்காரஸ் என்ற இன்னொரு கருவி தன் தரவைப் புரட்டியது. ஆற்றல் குறையவில்லை, உதிர்ந்த இணைகளும் இல்லை.

கோஹனும் கிளாஷோவும் அந்தக் கூற்றை நம்பவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அதற்குள் இறங்கி, அதன் விளைவுகளை ஒன்றொன்றாகத் தொடர்ந்தார்கள். ஒரு கருத்துக்கு நாம் செலுத்தக்கூடிய உயர்ந்த மரியாதை அதைத் தற்காலிகமாக உண்மை என்று கொண்டு கணக்குப் போடுவதுதான். தலையாட்டுவதைவிட அது கடினம், உதறித் தள்ளுவதைவிடவும் கடினம்.

திரும்பச் செய்தும் அதே எண்

முதல் அளவீட்டில் ஒரு பலவீனம் வெளிப்படையாகத் தெரிந்தது. செர்னில் நியூட்ரினோக்களைப் பிறப்பிக்கும் புரோட்டான் கற்றை ஒவ்வொன்றும் 10.5 மைக்ரோ விநாடி, அதாவது 10,500 நானோ விநாடி நீளம். தேடும் விளைவோ அதில் நூற்றில் ஒரு பங்கும் இல்லை. எந்தப் புரோட்டானில் பிறந்த நியூட்ரினோ எது என்று சொல்ல முடியாததால், ஆயிரக்கணக்கான பதிவுகளைக் குவித்துக் கற்றையின் வடிவத்தோடு பொருத்தித்தான் நேரத்தைப் பிழிந்தெடுத்தார்கள். பிழை அங்கேதான் இருக்கும் என்று பலர் சந்தேகித்தார்கள்.

ஓபரா அதையும் கேட்டுக்கொண்டது. 2011 அக்டோபர் கடைசியிலும் நவம்பர் தொடக்கத்திலும் செர்ன் வெறும் 3 நானோ விநாடி அகலமுள்ள குறுங்கற்றைகளை அனுப்பியது. இனி ஒவ்வொரு நியூட்ரினோவுக்கும் பிறந்த நேரம் தெரியும். 20 பதிவுகள் கிடைத்தன. விடை 62.1 நானோ விநாடி. முதலில் விலகி நின்ற சிலர் இப்போது கையெழுத்திட்டார்கள்.

இந்த இடத்தைத்தான் மெதுவாகப் படிக்க வேண்டும். ஒரு முடிவைத் திரும்பச் செய்து பார்த்தார்கள், அதுவே வந்தது, அதனால் நம்பிக்கை கூடியது. பார்த்தால் குற்றமில்லாத தர்க்கம். ஆனால் திரும்பச் செய்ததில் மாறியது கற்றை மட்டும். கிரான் சாஸோவின் கடிகாரம், அதற்கு நேரம் கொண்டுவரும் கம்பி, அதைப் படிக்கும் மின்னணுப் பலகை எல்லாம் பழையவையே. கற்றை வடிவத்தால் வந்த பிழையா என்ற கேள்விக்கு அந்தச் சோதனை நேர்மையான பதில் தந்தது. கடிகாரத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. பத்துப் பேர் ஒரே விஷயத்தைச் சொல்லும்போது அந்தப் பத்துப் பேரும் ஒருவரிடமே கேட்டிருந்தால் அது ஒரு சாட்சிதான்.

சரியாக முடுக்காத இணைப்பு

ஜிபிஎஸ் ஏற்பி மலைக்கு வெளியே தரைமேல் இருந்தது. கருவி 1,400 மீட்டர் பாறைக்கு அடியில். வெளியே கிடைத்த நேரம் 8.3 கி.மீ. நீள ஒளியிழை வழியே உள்ளே இறங்கி முதன்மைக் கடிகாரத்தை எட்டும். அந்தப் பயணத்தில் ஏற்படும் தாமதத்தைச் சில ஆண்டுகளுக்கு முன்பே அளந்து வைத்திருந்தார்கள். கணக்கில் அந்த மதிப்பையே கழித்து வந்தார்கள்.

ஒளியிழையின் முனையில் இருந்த இணைப்பு முழுதாக முடுக்கப்படவில்லை. இதனால் சமிக்ஞை அறுந்துபோயிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அறுபடவில்லை, வந்த ஒளி குறைந்தது, அவ்வளவுதான். ஒளி குறைந்ததால் அதை மின்சாரமாக்கும் உணரியில் மின்னழுத்தம் தேவையான மட்டத்தை எட்டச் சற்றே கூடுதல் நேரம் பிடித்தது. அந்தக் கூடுதல் நேரம் சுமார் 73 நானோ விநாடி. உள்ளே கடிகாரம் அவ்வளவு பின்தங்கியது. பின்தங்கிய கடிகாரத்தின் முன் வந்து நிற்கும் எதுவும் சீக்கிரம் வந்ததாகத்தான் பதிவாகும். இன்னொரு பழுதும் இருந்தது: உள்கடிகாரத்தின் துடிப்பைத் தரும் அலையியற்றி கொஞ்சம் வேகமாக ஓடியது, அது எதிர்த்திசையில் சுமார் 15 நானோ விநாடி இழுத்தது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் கிட்டத்தட்ட 60 வந்து நிற்கிறது. 2012 பிப்ரவரியில் இவ்விரண்டையும் குழுவே வெளியிட்டது.

கண்டுபிடித்த பின் அதை உறுதிசெய்த விதம்தான் இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இணைப்பு எப்போதிலிருந்து தளர்ந்திருந்தது? நினைவை நம்பிச் சொல்ல முடியாது. அதே மலைக்கடியில் எல்விடி என்ற வேறொரு கருவி, வேறொரு கடிகாரத்தோடு, வேறொரு வேலையாக இயங்கிவந்தது. வானிலிருந்து வரும் மியூவான் என்னும் துகள்களில் சில, கிட்டத்தட்டக் கிடைமட்டமாக மலையைத் துளைத்து எல்விடி, ஓபரா இரண்டையும் கடந்துபோகும். ஒரே மியூவான், இரண்டு கடிகாரம். பழைய பதிவுகளை எடுத்து ஒப்பிட்டபோது, 2008 ஆகஸ்ட் முதல் 2011 டிசம்பர் வரை ஓபராவின் நேரம் ஏறக்குறைய 73 நானோ விநாடி பிசகியிருந்தது தெரிந்தது. அதற்கு முன்னும் பின்னும் பிசகு இல்லை.

அதாவது, தீர்ப்புக்குத் தேவையான சான்று மூன்று ஆண்டுகளாக இரு கருவிகளின் பதிவேட்டில் கிடந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை. அந்த எண் வெளியே வந்து, உலகம் கேள்வி கேட்டு, நெருக்குதல் வந்த பிறகுதான் காரணம் பிறந்தது. குறை எங்கே என்று முன்னர் சொன்னேனே, அது இங்கேதான். நிலநடுக்கத்தின் 7 செ.மீ.யைக் கவனித்தவர்கள், பகுப்பாய்வில் தங்கள் ஆசையைக்கூடக் கட்டிப்போட்டவர்கள், பழைய அளவீடு ஒன்று இன்றும் செல்லுமா என்று ஒளியிழையை மறுபடி அளக்கவில்லை. சந்தேகம் எப்போதும் புதிதாக இருக்கும் பகுதியின் மேல்தான் பாய்கிறது. கணக்கு முறை புதிது, அதைப் பலமுறை குடைந்தார்கள். கம்பி பழையது, பழகியது. அதன் மேல் யார் கண்ணும் விழவில்லை.

2012 மே மாதம் செர்ன் மறுபடி குறுங்கற்றைகளை அனுப்பியது. இம்முறை ஓபராவோடு இக்காரஸ், எல்விடி, போரெக்சினோ என்று நான்கு கருவிகளும் தனித்தனியே அளந்தன. நான்கும் ஒளியின் வேகத்தோடு ஒத்துப்போயின. ஜூன் 8 அன்று ஜப்பானின் கியோட்டோ மாநாட்டில் செர்ன் அதை அறிவித்தது.

எதிர்ப்பக்க உதாரணம்

இதை மட்டும் படித்துவிட்டு, அதிர்ச்சி தரும் கூற்று என்றால் எங்கோ கம்பி தளர்ந்திருக்கும் என்று முடிவு கட்டுவது ஆபத்து. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் இரைப்பை அழற்சிக்கும் குடற்புண்ணுக்கும் காரணம் ஒரு பாக்டீரியா என்று 1980களின் தொடக்கத்தில் சொன்னபோது, அமிலத்தில் எதுவும் உயிர்வாழாது என்ற பதிலே காத்திருந்தது. அதற்கான நோபல் பரிசு 2005இல் வந்தது.

மார்ஷல் 1984இல் அந்தக் கிருமியைத் தானே குடித்துக் காட்டி உலகின் வாயை அடைத்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. அவருக்கு வந்தது இரைப்பை அழற்சி, புண் வரவில்லை. ஒரே ஒருவர் உடம்பில் நடந்த அந்தச் சோதனை வழக்கை முடித்துவிடவில்லை, முடித்திருக்கவும் கூடாது. கிருமியை ஒழித்த நோயாளிகளிடம் புண் திரும்ப வருவது வெகுவாகக் குறைகிறது என்று மருத்துவச் சோதனைகள் காட்டியபோதுதான் மருத்துவ உலகம் மாறியது. 1994இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு நுண்ணுயிர்க்கொல்லி சிகிச்சையைப் பரிந்துரைத்தது. வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு மருத்துவர்களிடம், வெவ்வேறு கையால் எடுத்த திசுவில் அதே கிருமி வந்தது. ஓபராவுக்கு நவம்பரில் வாய்க்காதது இதுதான்.

அங்கே தவறியவர்கள் ஆதாரம் கேட்டவர்கள் அல்லர். ஆதாரம் கேட்பதாகச் சொல்லிக்கொண்டு திசுவைப் பார்க்க மறுத்தவர்கள்.

பதவி விலகல்

ஓபராவுக்குள் கசப்பு மிஞ்சியது. போதிய சரிபார்ப்பு இல்லாமல் அறிவித்தார்கள் என்று தலைமை மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. தேவையான மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைக்காமல் அது தோற்றது. ஆனாலும் 2012 மார்ச் 30 அன்று செய்தித் தொடர்பாளர் அன்டோனியோ எரெடிடாட்டோவும், ஔட்டியெரோவும் பொறுப்பிலிருந்து விலகினார்கள்.

ஒளியிழையை மறுபடி அளக்காதது குற்றம் என்றால் அதற்குக் கணக்குக் கேட்பது நியாயமே. ஆனால் அந்த விலகலை வெளியிலிருந்து பார்த்த இளம் ஆய்வாளருக்குக் கிடைத்த செய்தி வேறு மாதிரியும் இருந்திருக்கும்: விளங்காத எண் கையில் கிடைத்தால் வெளியே சொல்லாதே. அது நிலைத்துவிட்டால் இழப்பு பெரிது. தங்களால் விளக்க முடியாததை அப்படியே மேசைமேல் வைத்து, விளக்கத்துக்குப் போகாமல், நான்கு திசையிலிருந்தும் வந்த சோதனைக்கு இடம் கொடுத்து, பழுது தெரிந்ததும் தாங்களே அறிவித்த ஒரு குழு, அந்தப் பகுதிவரை செய்ய வேண்டியதைச் செய்தது. 2015இல் அதே ஓபரா, தான் எதற்காகக் கட்டப்பட்டதோ அந்த வேலையில், கற்றையில் வழியில் வகை மாறித் தோன்றிய ஐந்தாவது டௌ வகை நியூட்ரினோவைப் பதிவுசெய்து நியூட்ரினோ மாற்றத்தை ஐந்து சிக்மாவுக்கு மேல் நிறுவியது. அந்த எண்ணை இயற்பியலாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.